ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி

என் தங்கை ஆடிய ஆட்டங்களில் நாற்பத்தொன்றை நான் பார்த்ததே இல்லை. அத்தனைக்கும் நான் அவளுக்கு மூன்றடி எதிரே ஒரு முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் கோளாறு ஒன்றும் கிடையாது. டிரைவர் வேலைக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை செய்கிறார்கள், இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அந்த விளையாட்டின் சட்டம், அவ்வளவுதான்.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக முன்னால் பார்ப்பதும், கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனைப் பிடித்து, எங்கேயும் பார்க்காதே, வாயையும் மூடிக்கொள் என்று உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? என் வாயைப் பற்றி என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். பகல் முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடக்கிறவர்களைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வாயை மூடவே தெரியாத ஒருவனிடம் வந்து சேர வேண்டியிருக்கிறது என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறி இறங்குகிறார்கள், எல்லோரிடமும் ஊமையாக இருந்தால் ஆயுசு குறைந்துவிடும்.

தங்கைக்கு வீட்டில் வாலு என்று பெயர். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயசு வித்தியாசம். தசைகள் மெல்ல மெல்ல வலுவிழந்துகொண்டே போகும் நோய் அவளுக்கு. சின்ன வயசில் தடுக்கித் தடுக்கி விழுந்தாள், பதினோரு வயசில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். நடைதான் நின்றது, சேட்டை நிற்கவில்லை. அதனால் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அப்பா அம்மா இருவரும் போன பிறகு அவள் என்னோடும் என் மனைவியோடும்தான் இருக்கிறாள்.

பதினான்கு வயசில் டேபிள் டென்னிஸ் மட்டையைப் பிடித்தாள். பதினாறு வருஷம் விடவில்லை. தேசிய அளவில் மூன்று தடவை முதலிடம். அவளுடைய சர்வீஸை வாங்குவதற்கே மற்றவர்கள் தனியாகப் பயிற்சி எடுத்தார்கள் என்று சொன்னால் நம்ப வேண்டும். மேசையின் வலது மூலையை முறைத்துப் பார்ப்பாள். உதடுகூட அந்தப் பக்கம் லேசாகக் கோணும். எதிரே இருக்கிறவள் அதை நம்பி அந்தப் பக்கம் சாய்வாள். பந்து இடது மூலையில் போய் விழும். எங்கள் வாலுவுக்குப் பொய் சொல்லவே வராது என்று அம்மா எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வாள். அம்மா அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

நான் எல்லா ஆட்டத்துக்கும் போவேன். போய்ச் சும்மா இருக்கமாட்டேன். அங்கே போடு, இங்கே போடு, அவளுக்கு இடது கை வராது என்று அரங்கத்தின் ஓரத்திலிருந்து கத்துவேன். இரண்டு தடவை நடுவர் என்னை வெளியே அனுப்பியிருக்கிறார். இரண்டாவது தடவை நான் கட்டடத்தைச் சுற்றிப் போய்க் கழிவறைச் சன்னல் வழியாகக் கத்தினேன். அந்த ஆட்டத்தில் வாலு ஜெயித்தாள். நான் கத்தியதால்தான் ஜெயித்தாள் என்று இன்றைக்கும் சாதிப்பேன். அவள் இன்றைக்கும் பதில் சொல்வதில்லை.

முப்பது வயசில் கை போக ஆரம்பித்தது. முதலில் விரல்கள் மட்டையை நழுவவிட்டன. துணிக்கட்டுப் போட்டு மட்டையைக் கையோடு சேர்த்துக் கட்டினேன். பிறகு தோள் தூக்க மறுத்தது. அவள் கடைசியாக ஆடிய ஆட்டத்தில் எதிரே இருந்தது இருபது வயசுப் பெண். முதல் இரண்டு சுற்று முடிந்ததும் அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, பந்தை வேண்டுமென்றே மெதுவாக, நடுவில் வாகாகப் போட ஆரம்பித்தாள். தோற்பதை வாலு பொறுத்துக்கொள்வாள், இரக்கத்தைப் பொறுக்கமாட்டாள். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் கையை நீட்டி, கட்டைக் கழட்டு என்றாள். கழட்டினேன். மட்டை மடியில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை.

அடுத்த ஒரு வருஷம் வீட்டில் மூவரும் மூன்று மூலையில் இருந்தோம். வாலு சன்னலோரம் உட்கார்ந்து தெருவை வெறித்துக்கொண்டிருப்பாள். எதைச் சொன்னாலும் எரிந்து விழுவாள். அந்த வருஷத்தில்தான் நான் அவள் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கேட்டால் எரிச்சல் வரும், அதனால் கேட்காமலே செய்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். கீழுதட்டை உள்ளே இழுத்தால் தாகம். இடது புருவம் மட்டும் சுருங்கினால் முதுகில் ஏதோ உறுத்துகிறது. கண் தெருக்கோடி மணிக்கூண்டுப் பக்கம் போனால் அலுத்துப்போய்விட்டாள், நாற்காலியைத் திருப்ப வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் கையில் இருக்கும். எனக்கு இதில் ரொம்பப் பெருமை. சொல்லப்போனால் பஸ் ஓட்டுவதைவிட இதைத்தான் நான் நன்றாகச் செய்தேன்.

பிசியோதெரபி செய்ய வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு ஒரு அம்மாள் வருவார். பிசியோம்மா என்று கூப்பிடுவோம். அவர்தான் ஒரு நாள் பையில் தோல் பந்துகளைக் கொண்டுவந்து தரையில் உருட்டிவிட்டு, இந்த விளையாட்டுக்குப் போச்சா என்று பெயர் என்றார். இருக்கிறதெல்லாம் போன வீட்டில் இப்படி ஒரு பெயரா என்று என் மனைவி சிரித்துவிட்டாள். வாலுவும் சிரித்தாள். ஒரு வருஷம் கழித்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காகவே அந்த விளையாட்டின் எல்லா முட்டாள்தனத்தையும் நான் மன்னித்தேன்.

விஷயம் இதுதான். ஒரு வெள்ளைப் பந்து. ஆளுக்கு ஆறு பந்து, ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்கு நீலம். வெள்ளைக்கு யாருடைய பந்து நெருக்கமாகப் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. எறிய முடிந்தவர்கள் கையால் எறிவார்கள். வாலுவைப் போல முடியாதவர்களுக்கு ஒரு சாய்வுப் பலகை உண்டு, ராம்ப் என்பார்கள். நெடுக்கில் பிளந்த குழாய் மாதிரி இருக்கும். உதவியாளர் அதில் பந்தை வைப்பார். ஆடுபவர் தலையில் கட்டிய ஒரு கோலால் பந்தைப் பிடித்து நிறுத்தி, பிறகு விடுவார். ராம்ப்பை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும், பந்தை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆடுபவர்தான் சொல்ல வேண்டும்.

உதவியாளருக்கு மூன்று கட்டளை. ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பக் கூடாது. பேசக் கூடாது. ஆடுபவர் கேட்காமல் ராம்ப்பை மயிரிழைகூட அசைக்கக் கூடாது. மீறினால் எதிராளிக்கு ஒரு பந்து கூடுதலாகக் கொடுத்துவிடுவார்கள். கை மட்டும் உதவியாளருடையதாக இருக்கலாம், புத்தி ஆடுபவருடையதாக இருக்க வேண்டும் என்றார் பிசியோம்மா. நான்தான் உதவியாளர் என்று வாலு சொன்னதும் என் மனைவி கைவேலையைப் போட்டுவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். கண்டக்டர் விசில் அடிக்காமல் வண்டியை எடுக்கமாட்டீர்களே, அது மாதிரி இருந்துவிட்டுப் போங்கள் என்று அறிவுரை சொன்னாள். விசில் வராமலேயே எடுத்த கதைகள் அவளுக்குத் தெரியாது.

கூடத்தில் இருந்த சோபாவை ஒரு ஓரமாகத் தள்ளினோம். தரையில் கோடு போட்டோம். ராம்ப்பின் விளிம்பில் நான் பென்சிலால் ஒன்று முதல் நூறு வரை குறித்தேன். வாலு, எண்பத்திரண்டு என்பாள், இடது ஒரு விரல் என்பாள், இன்னும் ஒரு நூல் என்பாள். ஒரு நூல் எவ்வளவு என்பது எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். மூன்றே மாதத்தில் அவள் பழைய வாலு ஆகிவிட்டாள். நான்தான் பழைய நானாகவே இருந்தேன்.

முதல் போட்டியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன். பின்னால் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்புகிறது, நான் என்ன செய்ய? இரண்டாவது போட்டியில் திரும்பவில்லை. நடுவர் என்னைப் பாராட்டக்கூடச் செய்தார். வாலு மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியைக் கூப்பிட்டு, அண்ணி, என் நாற்காலியில் பளபளவென்று இருக்கிற கம்பி எல்லாவற்றுக்கும் கறுப்பு டேப் சுற்றுங்கள் என்றாள். கைப்பிடிக்குக் கீழே இருந்த கம்பியில் ஆடுகளம் முழுக்க, கொஞ்சம் வளைந்து, அழகாகத் தெரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தே இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு அது போதாதா? இரண்டு பெண்களும் சேர்ந்து அதையும் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குப் பார்க்கக் கிடைத்தது வாலுவின் முகம் ஒன்றுதான்.

அங்கேதான் பெரிய தப்பு நடந்தது. மண்டலப் போட்டியின் அரையிறுதி. கடைசிச் சுற்றில் வாலு யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் இடது பக்கம் போயிற்று, தாடை லேசாக இறுகியது. இடது இரண்டு விரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் தண்ணீரை எடுத்து நீட்டுகிற அதே கை ராம்ப்பை நகர்த்திவிட்டது. நடுவர் உடனே கையைத் தூக்கினார். எதிராளிக்கு ஒரு பந்து கூடுதலாகக் கிடைத்தது, அந்தப் பந்தினாலேயே வாலு தோற்றாள். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் நகர்த்தியது சரியான அளவு. அவள் சொல்ல இருந்ததும் இடது இரண்டு விரல்தான். அதைச் சொல்லித்தான் நான் முதலில் வாதாடினேன்.

வேனை ஓட்டிக்கொண்டு திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, நான் நெனைக்கறதுக்கு முன்னாடியே நீ செஞ்சுடறே. அப்ப ஆடுறது யாரு?"

உன் நல்லதுக்குத்தானே என்று ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. பிசியோம்மா ஏற்கெனவே ஒரு நர்ஸிடம் பேசி வைத்திருக்கிறாராம். பயிற்சி பெற்றவர், அமைதியானவர், சொன்னதை மட்டும் செய்வார். தேசியப் போட்டிக்கு ஆறு மாதம் இருந்தது. அதுவரைக்கும் நீயே உட்கார் என்றாள் வாலு. அங்கே ஒரே ஒரு தடவை என் கை தானாக அசைந்தாலும், மறுநாளிலிருந்து நர்ஸ்தான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்கமாட்டேன். ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு முக்காலிக்காகவா இவ்வளவு என்று என் மனைவி கேட்டாள். ஆமாம், ஒரு முக்காலிக்காகத்தான். நான் அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். அவள் கையில் மட்டையைக் கட்டிவிட்டவன். அவளுக்கு எதிரே வேறு ஒருவர் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்ப்பதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பொறாமை என்றால் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு மாதத்தில் ஒரு விஷயம் நடந்தது. வாலுவின் முகம் எனக்குப் புரியாமல் போய்விட்டது. உதட்டை உள்ளே இழுத்தாளே என்று தண்ணீரைக் கொண்டுபோனால், "நான் கேக்கலையே" என்பாள். புருவத்தைச் சுருக்கினாளே என்று முதுகுத் தலையணையைச் சரி செய்யப் போனால், அதற்கும் அதே பதில். பயிற்சியில் இன்னும் மோசம். கண்ணும் தாடையும் வலது, வலது என்று சொல்லும். வாய் இடது என்று சொல்லும். என் கை வலப்பக்கம் பாதி போய்த் திணறி நிற்கும். நான்கு நாள் அப்படித் திணறியதும் கை பயந்துபோயிற்று. அவள் வாயிலிருந்து சொல் வந்து விழும் வரைக்கும் தொடையின் மேலேயே கிடந்தது.

என்ன ஆயிற்று என்று மனைவியிடம் புலம்பினேன். முப்பது வருஷம் பார்த்த முகம், திடீரென்று யாரோ தெரியாத ஆளுடைய முகம் மாதிரி ஆகிவிட்டதே என்றேன். அவள்தான் வாய் திறந்து சொல்கிறாளே, பிறகு முகம் எதற்கு என்று மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு வேறு மாதிரிப் பட்டது. ஒருவர் மனசில் நமக்கு இடம் இல்லை என்று ஆகிவிட்டால் முகம் இப்படித்தான் மூடிக்கொள்ளும். நர்ஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பயிற்சியைப் பார்த்துவிட்டுப் போனார். நல்ல பெண்மணி. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. வாலு முடிவு செய்துவிட்டாள், தேசியப் போட்டி வரைக்கும் எனக்கு ஒரு மரியாதை கொடுக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தேசியப் போட்டிக்கு நானே வேனை ஓட்டிக்கொண்டு போனேன். பெரிய உள்ளரங்கம். தரை கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது, ஆனால் எதிலும் எதுவும் தெரியாதபடி எனக்கு இடம் அமைந்தது. நான்கு ஆட்டங்களை ஒரு தப்பும் இல்லாமல் கடந்தோம். நான் முக்காலியில் உட்கார்ந்தேன், சொன்னதைச் செய்தேன், வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாலு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதோ ஒரு பக்கம் பார்த்து வேறு ஏதோ ஒரு பக்கம் சொன்னாள். நான் படிக்க முயற்சி செய்யவே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் இறுதி ஆட்டம்.

எதிராளி ஒரு கணக்கு டீச்சர். முந்தின இரண்டு வருஷமும் முதலிடம் அவருக்குத்தான். அவருடைய உதவியாளர் அவர் கணவர், ஒல்லியான மனிதர். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நாங்கள் இருவரும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்த இரண்டு மாமன்கள் மாதிரி இருந்திருப்போம்.

பார்க்க முடியாவிட்டால் காது கூர்மையாகிவிடுகிறது. பந்து ராம்ப்பில் இறங்கும்போது சர்ரென்று ஒரு சத்தம். தரையைத் தொட்டதும் அது அடங்கும். பிறகு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். சில சமயம் தோலும் தோலும் மோதுகிற மொத்தையான சத்தம் வரும். யாருடைய பந்தை யாருடைய பந்து தள்ளியது என்பது தெரியாது. கூட்டம் உச்சுக்கொட்டினால் யாருக்காகக் கொட்டுகிறது என்றும் தெரியாது. நடுவர் புள்ளி சொல்லும்போதுதான் உயிர் வரும். முதல் சுற்றில் டீச்சருக்கு இரண்டு. இரண்டாவதில் வாலுவுக்கு இரண்டு. மூன்றாவதில் ஒன்று டீச்சருக்கு என்று நினைத்தேன், அளந்து பார்த்து இருவருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மூன்றுக்கு மூன்று. ஒரே ஒரு சுற்று பாக்கி.

நான்காவது சுற்றில் டீச்சர் தன் ஆறு நீலப் பந்துகளையும் ஆடி முடித்துவிட்டார். வாலுவிடம் ஒரே ஒரு சிவப்பு. இனி சிவப்பின் முறை என்று நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டியிருப்பார்; பக்கத்துக் கட்டத்துக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டதிலிருந்து மற்றதும் தெரிந்தது. அவர்களுடைய நீலம்தான் வெள்ளைக்கு நெருக்கமாக நிற்கிறது. இந்தப் பந்து அதைவிட நெருங்க வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ராம்ப்பை இரண்டு பக்கமும் ஆட்டியாக வேண்டும் என்பது சட்டம், அப்படி ஒரு தடவை ஆட்டி நடுவில் நிறுத்தினேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

வாலு பேசவில்லை. மூன்று நாள் ஆடிய களைப்பு அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. கழுத்து நிற்காமல் தலை லேசாகச் சாய்ந்தது. நேரம் பார்க்கிறவர் ஒரு நிமிடம் பாக்கி என்றார். அவள் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் முகம் திறந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆறு மாதமாக நான் பார்க்காத முகம் அது. கண் இடது பக்கம் போயிற்று. தாடை இறுகியது. கீழுதடு ஒரு கணம் உள்ளே போய் வெளியே வந்தது. இடது ஒரு விரல், உயரம் எழுபத்தாறு. எழுதி ஒட்டி வைத்த மாதிரித் தெரிந்தது. அந்த ஒரு கணத்தில் மற்றதும் தெரிந்துவிட்டது. ஆறு மாதமாக முகம் மூடிக்கிடக்கவில்லை. வலது மூலையை முறைத்துவிட்டு இடது மூலையில் பந்தைப் போடுகிற பழைய வாலு, அத்தனை நாளும் எனக்கு எதிரே உட்கார்ந்து, எனக்கு சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது களைப்பில் அதை மறந்துவிட்டாள்.

என் வலது கை தொடையிலிருந்து எழுந்தது. நானாக எழுப்பவில்லை, அதுவாகவே எழுந்தது. ராம்ப்பின் விளிம்புக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு காகிதம்தான் நுழையும். பந்தை மடியில் போட்டேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி அதன் மேலேயே உட்கார்ந்தேன். பஸ் ஓட்டிக் காய்த்துப்போன கை, முக்காலி மரத்தில் அழுந்தி வலித்தது. முப்பது வினாடி என்றார்கள். அவள் உதடு அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டியை ஒரு தடவை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். அதுகூட இதற்குப் பக்கத்தில் வராது.

"இடது. ஒரு விரல்," என்றாள் வாலு.

நகர்த்தினேன்.

"எழுபத்தாறு."

வைத்தேன். கோலால் பந்தைத் தொட்டாள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, விட்டாள். சர்ரென்று போயிற்று. தரை. பிறகு ஒன்றுமில்லை. எதிலும் மோதிய சத்தமே வரவில்லை. நடுவர் நடந்து போகிற காலடிச் சத்தம் கேட்டது. அளக்கிற கருவியைக் கேட்டு வாங்கினார்கள், டார்ச் விளக்கைக் கேட்டார்கள். ரொம்ப நேரம் அளந்தார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் அளப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். நடுவர் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது.

நீலம், ஒரு புள்ளி. நான்குக்கு மூன்று. டீச்சர் ஜெயித்தார். இனி திரும்பலாம் என்று சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பந்தின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பக்கத்துக் கட்டத்துக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்து, கடைசிப் பந்து பிரமாதம், சத்தத்திலேயே தெரிந்தது என்றார். அவரும் அதைப் பார்க்கவில்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பதக்கம் கொடுத்து, படம் எடுத்து, எல்லோரிடமும் விடைபெற்று வேனுக்கு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் நாற்காலியை ஏற்றிப் பூட்டுகளைப் போட்டுவிட்டு என் இருக்கையில் வந்து உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. மனசு கேட்கவில்லை. நான் ராம்ப்பை நகர்த்தும்போது கை நடுங்கியிருக்கும், அதனால்தான் ஒரு நூல் தவறியிருக்கும் என்றேன்.

"ஒண்ணும் நடுங்கல. நான்தான் எழுபத்தஞ்சு சொல்லியிருக்கணும். தோத்தது நான்தான்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இல்லை. மூன்று தடவை கோப்பை வாங்கியபோதுகூட அவள் இவ்வளவு திருப்தியாகப் பேசி நான் கேட்டதில்லை. நர்ஸுக்கு ஒரு நூல் என்றால் எவ்வளவு என்று தெரியாது, நானே சொல்லிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என் மூஞ்சியப் பாத்துத்தான் கைய வெக்கறே. உன்னை மாத்தறதுக்கு மனசு வரல. அதான் மூஞ்சிய மாத்திக்கிட்டேன்," என்றாள்.

ஆறு மாதம், காலையிலிருந்து ராத்திரி வரை, தண்ணீருக்கும் தலையணைக்கும்கூட, முகத்தை நினைத்த பக்கம் அசைக்காமலும் நினைக்காத பக்கம் அசைத்தும் வைத்திருக்கிறாள். உடம்பில் அவள் சொன்னபடி கேட்கிற தசை, கழுத்தை விட்டால், மிச்சம் இருப்பது அந்த முகத்தில்தான். அதையும் எனக்காகச் செலவழித்திருக்கிறாள். நான் அதைப் பார்த்து, என்னை வெறுத்துவிட்டாள் என்று மனைவியிடம் அழுதிருக்கிறேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா? கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளும் பார்த்துவிட்டாள், கிண்டல் செய்யவில்லை.

"கடைசிப் பந்துக்கு மறந்துட்டேன்ணா. ரொம்ப அசதி. சொல்லி முடிக்கறப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது. இடது ஒரு விரல், எழுபத்தாறு."

"எப்பத் தெரிஞ்சுது?"

"ஒரு நிமிஷம் பாக்கி இருக்கறப்பவே."

"அப்பறம் ஏன் சும்மா உக்காந்திருந்தே?"

"நீ கேக்கலையே," என்றேன்.

வாலு சன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே டீச்சரின் வண்டி கிளம்பிப் போயிற்று. கீழுதடு உள்ளே போயிற்று, தாகமாக இருக்கும். தண்ணீர் பாட்டில் என் இருக்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, தண்ணி கொடு," என்றாள். எழுந்து போய் வாயருகே பிடித்துக் கொடுத்தேன். குடித்து முடித்து, "சரி, வண்டிய எடு," என்றாள்.

எடுத்தேன்.